கடலைச் சுற்றிய தாள்

கொழும்பில் இருந்துகொண்டு கடலையும் வானிலையையும் அளக்கும், அளந்ததைக் காத்து வைக்கும் அரச அலுவலகங்களின் பணிப்பாளர்களுக்கும் தரவுப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். கடலியல் படித்தவன் அல்லன். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். இந்த மடல் எழுத எனக்கு உள்ள தகுதி அவ்வளவுதான்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இஸ்ஸோ வடை, எனக்குத் தாளித்த கடலை. கடலை சுற்றித் தரும் தாள் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் பயிற்சிக் கொப்பியாக இருக்கும். அதிலுள்ள பிழையான விடைகளை மனதுக்குள் திருத்திக்கொண்டே தின்பது, தொழில் விட்ட பிறகும் என்னை விடாத பழக்கம். அன்றைய தாளில் பிள்ளையின் கணக்கு இல்லை. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 14 வரை. குறுக்கே மணித்தியாலங்கள், நள்ளிரவு தொடங்கி முற்பகல் பதினொன்று வரை. கட்டங்களுக்குள் அடியும் அங்குலமும், குமிழ்முனைப் பேனையால், அச்சுப்போன்ற கையெழுத்தில். மேலே மாதத்தின் பெயர் இருந்தது. ஆண்டு இருக்கவேண்டிய மூலை கிழிந்திருந்தது.

முதலில் விளங்கவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண் எங்கே வருகிறதென்று விரலை வைத்துப் பார்த்தேன். விரல் சரிவாக இறங்கியது. ஒவ்வொரு நாளும் உச்சம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திப் பிந்தி வந்தது. சந்திரன் பிந்துவது போல. கூடிய எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் இடையில் இரண்டு அடிகூட இல்லை. எங்கள் கரையில் வற்றும் பெருக்கும் அவ்வளவுதான், மீற்றரை எட்டுவதில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு துறையில் மணிக்கு மணி வாசித்து எழுதிய கடல்மட்டம் அது.

வண்டிக்காரத் தம்பியிடம் மிச்சத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். “இருந்தது ஐயா, முடிஞ்சுது” என்றார். பழைய கடதாசி நிறுத்து விற்கும் கடையில் கிலோக்கணக்கில் வாங்கியதாம்.

அது எந்த அலுவலகத்தின் பதிவேடு என்று எனக்குத் தெரியாது. தேடிப்போகவும் இல்லை. யாரையும் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. ‘கடலை சுற்றிய தாள்’ என்று எழுதினால் அது வண்டிக்காரருடையது. நடுவில் ஒரு ‘ச்’ போட்டால் அது உங்களுடையது. அந்த ஒற்றெழுத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பழைய கடல்மட்ட எண்கள் இன்று யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். செய்மதி இருக்கிறது, கணினி இருக்கிறது. கடலின் ஓட்டத்தையே கணித்துத் தரும் மாதிரிகள் இருக்கின்றன. உண்மை. ஆனால் அந்த மாதிரிகள் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம். என் வகுப்பில் சொல்லும் உதாரணத்தையே இங்கும் சொல்கிறேன்.

வெள்ளவத்தை ஸ்ரேஷனில் ரயிலுக்கு நிற்கிறீர்கள். கையில் நேர அட்டவணை. கோட்டையில் எத்தனை மணிக்கு எடுக்கும், கொள்ளுப்பிட்டியில் எவ்வளவு நேரம் நிற்கும், என்ன வேகத்தில் வரும் என்பதெல்லாம் தெரியும். அதை வைத்து, இன்னும் பத்து நிமிடத்தில் வரும் என்று கணக்குப் போடுகிறீர்கள். இதுதான் மாதிரி. அந்நேரம் பம்பலப்பிட்டியில் நிற்கும் நண்பர் தொலைபேசியில் “இப்பதான் எங்களைத் தாண்டுது” என்கிறார். இது அவதானம். அவர் சொல்வதை அப்படியே நம்பலாமா? போன கிழமை எதிர்த்திசை ரயிலைப் பார்த்துவிட்டு இதே மாதிரிச் சொன்னவர் அவர். அட்டவணையை நம்பலாமா? எங்கள் ரயில்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அட்டவணை எத்தனை முறை பொய்த்தது, நண்பர் எத்தனை முறை பிழைத்தார் என்று பார்த்து, இரண்டுக்கும் அதனதன் நிறையைக் கொடுத்து நடுவில் ஒரு முடிவுக்கு வருகிறீர்கள். 1960 இல் ருடொல்ஃப் கல்மான் எழுதிய வடிகட்டி செய்வது இதைத்தான், தாயங்களின் (matrices) மொழியில். கடலிலும் வளியிலும் அவதானத்தை மாதிரியோடு சேர்க்கும் முறைகளில் ஒரு பெரும் பகுதி இந்த வேரிலிருந்து கிளைத்தது.

இதில் ஒரு குறை உண்டு. நண்பரின் அழைப்பு வந்த கணத்தில் நீங்கள் உங்கள் கணக்கில் உள்ள ரயிலைத் தூக்கிப் பம்பலப்பிட்டியில் வைக்கிறீர்கள். நாளைய வானிலை சொல்வதற்கு அது போதும். ஆனால் கடல் 30 ஆண்டுகளில் எவ்வளவு வெப்பத்தை விழுங்கியது, அது எந்த வழியால் எங்கே போனது என்று கேட்டால் இந்தத் தூக்கி வைத்தல் கணக்கைக் குழப்பிவிடும். தூக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச வெப்பம், கொஞ்ச உப்பு எங்கிருந்தோ வந்து சேரும், அல்லது எங்கோ தொலையும். செட்டியார் தெருவில் எந்த நகைக்கடைக்காரரும் அப்படி ஐந்தொகை போட விடமாட்டார்.

அதனால் வேறொரு கூட்டத்தார் வேறு வழி எடுத்தார்கள். மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கார்ல் வூன்ஷ், அவரோடு ஸ்ற்ராம்மர், ஃபுகுமோரி முதலானோர் 1990களின் பிற்பகுதியில் ‘எக்கோ’ என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ரயிலை இடையில் தூக்குவதே இல்லை. பம்பலப்பிட்டியில் ஆறு நிமிடம் பிந்தியது என்றால், அந்த ஆறு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் வழியே பின்னோக்கி நடக்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில் கூடுதலாக நின்றதா? கோட்டையில் எடுக்கும்போதே பிந்தியதா? மருதானையில் சிக்னலா? எங்கே எவ்வளவு மாற்றினால் வழியிலுள்ள எல்லா ஸ்ரேஷன்களிலும் நண்பர்கள் சொன்ன நேரங்களோடு ஒத்துவரும் என்று கண்டுபிடித்து, தொடக்கத்தை மட்டும் திருத்தி, ரயிலை மறுபடி கோட்டையிலிருந்து ஓட விடுகிறார்கள். கடலில் ‘தொடக்கம்’ என்பது முதல் நாளின் வெப்பநிலையும் உவர்ப்பும், அதன்பின் மேலிருந்து வீசிய காற்றும், ஏறிய இறங்கிய வெப்பமும், பெய்த மழையும். மாதிரியைப் பின்னோக்கி ஓடவிடும் இந்த நிரலைக் கையால் எழுதி மாளாது. மூல நிரலை வரிக்கு வரி வகையிட்டு இன்னொரு மென்பொருள் அதை எழுதித் தருகிறது. உயர்தரத்தில் நாங்கள் படிப்பிக்கும் சங்கிலி விதிதான் அதன் உள்ளே இருப்பது. “வகையீடு படிச்சு என்ன சேர் பிரயோசனம்?” என்று 30 வருடமாகக் கேட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதை நான் சொல்லியிருக்கவேண்டும். அப்போது எனக்கே தெரியாது.

கவனியுங்கள், எக்கோவின் கணக்கு 1992 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் கடல்மட்டத்தை வானிலிருந்து சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கும் டொபெக்ஸ்/பொசைடன் செய்மதி ஏவப்பட்டது. ஆர்கோ மிதவைகள் அதற்கும் பிந்தியவை. 2000 ஆம் ஆண்டை ஒட்டி இறக்கத் தொடங்கி, 2007 இல் மூவாயிரத்தை எட்டி, இன்று ஏறத்தாழ நாலாயிரம் உலகக் கடல்களில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீற்றர் ஆழத்தில் கிடந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றருக்கு இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையும் உவர்ப்பும் அளந்து செய்மதிக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். எங்கள் ஊர் முத்துக்குளிப்பவரைப் போல, ஆனால் கூலி கேட்காமல். இவை எதுவும் இல்லாத காலத்துக்குக் கடலிடம் இருக்கும் சாட்சி பெரும்பாலும் தாள்தான்.

இப்போது எங்கள் கடலுக்கு வருவோம்.

உலகத்தில் பெரும்பாலான நீரோட்டங்கள் வருடம் முழுக்க ஒரே திசையில் போகின்றன. இலங்கைக்குத் தெற்கே போகும் ஓட்டம் வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறும். சோழகக் காலத்தில் அரபிக்கடலின் உப்பு நீரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், தீவைச் சுற்றி வளைந்து வங்காள விரிகுடாவுக்குள் ஏறும். வாடைக் காலத்தில் விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீரை மேற்கே கொண்டுவரும். பாக்கு நீரிணையின் எதிர்க்கரை மீனவர் இதன் கரையோர உறவினரைச் சோநீவாடு, வாநீவாடு என்று காற்றின் பெயரோடு சேர்த்தே கூப்பிடுகிறார்கள். காற்றும் நீரும் பிரிக்க முடியாதவை என்று பெயரிலேயே தெரிந்தவர்கள். ஜேர்மன் கடலியலாளர் ஃபிரீட்ரிக் ஷொட்டும் குழுவினரும் 1991 இலும் 1992 இலும் எங்கள் தென்கரைக்கு அப்பால் அளவிகளை நங்கூரமிட்டு வைத்து இந்த ஓட்டத்தை அளந்தார்கள். செக்கனுக்கு ஒரு கோடி கனமீற்றர் என்ற அளவில் வரும் ஓட்டம் அது. நாற்பது ஐம்பது அமேசன் ஆறுகளைச் சேர்த்துக் கட்டினால் வரும் அளவு. தெய்வேந்திரமுனைக்கு முன்னால், எங்கள் வீட்டு வாசலில்.

கிழக்கே இன்னொரு விந்தை. சோழகக் காலத்தில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அப்பால் கடல் இடஞ்சுழியாகச் சுற்றி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே குமிழாக உயர்த்துகிறது. ‘இலங்கைக் குவிமாடம்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விநயச்சந்திரன் என்ற இந்தியரும் யமகத்தா என்ற யப்பானியரும் 1998 இல் எழுதிய கட்டுரை அதை விளக்கியது. கணினி மாதிரி காட்டிய அந்தச் சுழியைப் பின்னர் அளவிகள் நேரில் பார்த்தன. 2016 யூன், யூலையில் ‘சிந்து சாதனா’ என்ற இந்தியக் கப்பலும், அதிலிருந்து இறக்கிய, நீருக்குள் தாமே நீந்தும் கிளைடர்களும் அதற்குள்ளும் பக்கத்திலும் நின்று அளந்தன. மாதிரி முதலில் சொல்ல, கடல் பிறகு “ஓம்” என்றது. எல்லா நேரமும் அப்படி நடக்காது. கடல் “இல்லை” என்று சொல்லும் இடங்களில்தான் இரண்டு பக்கமும் படிக்கின்றன.

அந்த “இல்லை” எங்கள் பக்கத்தில் அடிக்கடி உவர்ப்பிலிருந்து வருகிறது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டும் ஆற்றுநீர் வங்காள விரிகுடாவின் மேல் ஒரு மெல்லிய பாயைப் போல விரிந்து கிடக்கிறது. சாதாரணக் கடலில் புயல் வந்தால் காற்று கீழுள்ள குளிர்நீரைக் கிண்டி மேலே கொண்டுவரும், புயலின் அடுப்புக்கு அதுவே தண்ணீர் ஊற்றும். விரிகுடாவில் அந்த நன்னீர்ப் பாயும் அதன் கீழுள்ள தடுப்பு அடுக்கும் குளிர்நீரை மேலே வரவிடாமல் மறிக்கும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பாய் எவ்வளவு தடிப்பு, எந்த வாரத்தில் எங்கே விரிந்திருக்கிறது என்பது அளந்தால்தான் தெரியும். 1978 நவம்பரில் மட்டக்களப்பு எதிர்கொண்ட புயலை நினைவுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 மே மாதமும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும், களனி கங்கை கொழும்பின் விளிம்புகளுக்குள் ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உவர்ப்பு அளந்திருந்தால் வெள்ளம் வந்திராது என்று நான் சொல்லவில்லை, அது மடத்தனம். ஆனால் புயலுக்கு எரிபொருள் கொடுக்கும் கடலைப் பற்றி எங்களிடம் உள்ள எண்கள் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு சின்ன அவமானத்தையும் சொல்லவேண்டும். உலக மாதிரிகள் கடலைச் சதுரக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும். ஒரு பாகைக் கட்டம் என்றால் பக்கம் ஏறக்குறைய 111 கிலோமீற்றர். அந்தக் கட்டத்தில் பாக்கு நீரிணை காணாமல் போய்விடும். இலங்கை இந்தியாவோடு ஒட்டிய ஒரு முனையாகிவிடும். (அரசியல்வாதிகள் பேசித் தீர்க்காத பாலப் பிரச்சினையைக் கணினி ஒரு நொடியில் தீர்த்துவிடும்.) கட்டத்தைச் சிறிதாக்கினால் நீரிணை திறக்கும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எங்கள் நாட்டவரான சரித பட்டியாராச்சியும் சகாக்களும் 2014 இல் இலங்கையைச் சுற்றிய ஓட்டத்துக்கும் அடிநீர் மேலெழுவதற்கும் அப்படியொரு நுண்ணிய மாதிரியை ஓடவிட்டு வெளியிட்டார்கள். ஆனால் கட்டம் சிறிதாகச் சிறிதாக, அதைச் சரிபார்க்கும் கரையோர அளவைகள் கூடுதலாக வேண்டும். நடுக்கடலுக்குச் செய்மதியும் ஆர்கோவும் போதும். கரைக்கு அருகே ஆர்கோ வராது, ஆழம் போதாது. செய்மதியின் ரேடார் தரையைத் தொட்டுக் குழம்பும். கரைக்குக் கரையில் உள்ளவர்தான் சாட்சி. அதாவது நீங்கள்.

என்னிடம் படித்த ஒரு பொடியன், இப்போது பல்கலைக்கழகத்தில், போன மாதம் மடிக்கணினியோடு வந்தான். முகத்துவாரத்துக்கு அப்பால் கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் காட்டினான். நாள் நாளாக, ஆழம் ஆழமாக. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். பிரான்சின் தூலூஸ் நகரிலிருந்து இயங்கும் ஐரோப்பியக் கடல் சேவையிலிருந்தாம், இலவசமாக. பன்னிரண்டில் ஒரு பாகைக் கட்டம். சந்தோஷமாக இருந்தது. பிறகு கேட்டான்: “இது சரியா பிழையா எண்டு எப்பிடி சேர் பாக்கிறது? கொழும்பில அளந்தது எங்க இருக்கு?”

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

கொழும்பில் அளந்தது இல்லாமல் இல்லை. பௌத்தாலோக்க மாவத்தையில் உள்ள வானிலை அவதான நிலையம் 1907 முதல் நிற்கிறது. கொழும்பின் கடல்மட்ட அளவி 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையைப் பதிந்தது, உலக ஆய்வுகளில் அந்தப் பதிவு எடுத்தாளப்பட்டது. 2013 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து விரிகுடாவை அளந்த திட்டத்தில் எங்கள் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் விஞ்ஞானிகளும் பங்கு கொண்டார்கள். ஆகவே அளக்கத் தெரியாதவர்கள் என்று உங்களை நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, அளந்ததில் எவ்வளவு வெளியில் இருக்கிறது, எவ்வளவு அலமாரியில் இருக்கிறது, எவ்வளவு வண்டியில் இருக்கிறது என்பதைத்தான்.

பழசுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவருக்கு ஒரு கதை. பிரிட்டனின் ‘சலெஞ்சர்’ கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியபோது கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஆழ்கடலில் இறக்கி அளந்தார்கள். எண்கள் புத்தகமாகக் கிடந்தன. 2019 இல் ஜெப்பி, ஹைபர்ஸ் என்ற இருவர் அந்த எண்களை எடுத்து, ஒரு கடலோட்ட மாதிரியோடு சேர்த்துப் பார்த்தார்கள். மேற்பரப்பு சூடாகிக்கொண்டிருந்த 20 ஆம் நூற்றாண்டில் பசிபிக்கின் ஆழ்நீர் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் குளிர்ந்த காலத்தில் மேலிருந்து கிளம்பிய நீர், அங்கே போய்ச் சேர அவ்வளவு காலம். மாதிரி மட்டும் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பழைய எண்கள் மட்டும் இருந்தால் அளவிப் பிழை என்று தள்ளியிருப்பார்கள். கயிறு இழுத்த மாலுமிக்கு 140 வருடத்துக்குப் பிறகு யார் அதைப் பார்ப்பார் என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை. என் தாளில் மணிக்கு மணி எழுதியவருக்கும் அப்படித்தான்.

ஆனால் எண்ணை மட்டும் காப்பாற்றினால் போதாது, எண்ணின் குறிப்பையும் காப்பாற்றவேண்டும். அளவியின் பூச்சியம் எங்கே? எப்போது இடம் மாற்றினீர்கள்? எந்த நேரம்? கடைசிக் கேள்வி வேறு நாட்டில் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. 1996 மே மாதம் மின்வெட்டுக் காலத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அதுவரை வன்னியில் பழைய நேரம், கொழும்பில் புதிய நேரம். கல்யாண வீட்டு முகூர்த்தத்துக்குக்கூட எந்த நேரம் என்று கேட்ட காலம் அது. அந்தப் பத்து வருடத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவேட்டில் நேர வகை குறிக்கப்படவில்லை என்றால், பெருக்கு அரை மணி பிந்தி வந்ததா அல்லது கடிகாரம் முந்தியதா என்று வெளிநாட்டில் இருந்து வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் அதைப் பிழையான தரவு என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கத்தான் வேண்டும். அப்போது அங்கே வேலை செய்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஓய்வூதியம் எடுக்க வருகிறார்கள். ஒரு தேநீர் கொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது தள்ளிப்போட முடியாத வேலை.

அலமாரிகளில் உள்ள பதிவேடுகளைப் படம் எடுப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், இப்போது எல்லோர் கையிலும் உள்ள தொலைபேசியே போதும். தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்பீர்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த நகரத்தில் எத்தனை பேர்? ஒரு பக்கத்தை இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகத் தட்டி ஒப்பிட்டால் பிழை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உலகத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பழைய கடல் தரவுகளைத் தேடி மீட்கும் உலகத் திட்டமொன்று 1993 முதலே ஐக்கிய நாடுகளின் கடலியல் ஆணைக்குழுவின் கீழ் நடந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய நாட்குறிப்புகளை ஊர் பேர் தெரியாத தொண்டர்கள் வீட்டிலிருந்தே படியெடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் ஒன்று கொடுத்தால் கை நோகத் தட்டுவார்கள். எனக்குத் தெரியும்.

புதிதாக அளப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். முகத்துவாரத்தில் எனக்குத் தெரிந்த சம்மாட்டி ஒருவர் இருக்கிறார். பலநாள் படகு, சூரைக்குப் போவது. ஒருநாள் சொன்னார்: “சேர், மேல்நீர் கரைக்கு இழுக்கும், வலை அடியில வெளிய போகும். ரெண்டு கடல் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கிற மாதிரி.” கடலியலாளர் கப்பல் கொண்டுபோய் அளக்கும் விஷயத்தை அவர் கையின் பாரத்தில் அளந்திருக்கிறார். ஆனால் அது எங்கும் பதிவாகவில்லை. ஐரோப்பா 2015 சனவரியில் எங்கள் மீனுக்குத் தடை போட்டு, 2016 யூனில் எடுத்தது. அந்தக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பலநாள் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பூட்டினோம். அதே படகுகளின் வலையில் விரல் தடிப்பான ஒரு வெப்பநிலை, ஆழ அளவியைக் கட்டினால், வலை இறங்கும் ஒவ்வொரு முறையும் கடலின் ஒரு நெடுக்குவெட்டு கிடைக்கும். நியூசிலாந்தில் ‘மொஆனா’ திட்டம் இதைச் செய்தது. மீனவர் படகிலிருந்து வந்த எண்கள் நேரே கடல் முன்னறிவிப்பு மாதிரிக்குள் போயின. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்க இறால் கூடு வைப்பவர்கள் 2001 முதல் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இருப்பிடக் கருவியை எங்கள் மீனவர் இன்னமும் பொலிஸ்காரனாகத்தான் பார்க்கிறார்கள். வெப்பமானியையும் அப்படிப் பார்த்தால் அது முதல் பயணத்திலேயே ‘தவறி’ கடலில் விழுந்துவிடும். மீன் கிடைத்த இடத்தை மறைக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும், வழக்குப் போட அந்த எண் பயன்படாது என்று எழுத்தில் வேண்டும். கொடுத்ததற்குப் பதிலாக நாளை காலை நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுஞ்செய்தி திரும்ப வரவேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்கொயிஸ் நிறுவனம் எதிர்க்கரை மீனவருக்கு மீன்வளம் கூடிய இடங்களைத் தமிழிலேயே சொல்கிறது. தமிழ் அங்கே மட்டும் பேசும் மொழி அல்ல.

2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது நாங்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, அதிலிருந்த 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் எந்தக் கரைக்கு வரும் என்பது. பமுனுகமவிலும் சரக்குவவிலும் மணலை மூடிக் கிடந்தவற்றைப் பிள்ளைகள் சல்லடையில் அரித்ததைப் பார்த்தவன் நான். எங்கே போகும் என்ற கேள்விக்கு மாதிரி விடை சொல்லும். அந்த வாரத்துக் காற்றும் நீரும் அளக்கப்பட்டிருந்தால்.

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. 2024 முழுக்க அவற்றுக்குத் தடை இருந்தது, ஏன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரிய நாடுகளின் சண்டையில் நாங்கள் கருத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் துறைமுகச் சுவரில் உள்ள அளவி எங்களுடையது, படகு எங்களுடையது, அலமாரி எங்களுடையது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

தரவை விற்று அலுவலகச் செலவைப் பார்க்கிறோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். தூலூஸ்காரர் எங்கள் கடலையே எங்களுக்கு இலவசமாகத் தருகிறார். ஆர்கோ மிதவையின் எண் மேலே வந்த ஒரு நாளுக்குள் உலகம் முழுவதற்கும் போய்விடுகிறது. அவர்களின் மாதிரி எங்கள் கரையில் பிழைக்கும்போது அதைத் திருத்தக்கூடிய எண் எங்கள் பூட்டுக்குள் இருந்தால், பிழையான கடலைத்தான் நாங்கள் மறுபடி இறக்கிப் பார்க்கவேண்டி வரும்.

கடைசியாக அந்தத் தாளைப் பற்றி. ஆண்டைக் கண்டுபிடிக்கலாமா என்று சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு முயன்று பார்த்தேன். பெருக்கு எப்போது வரும் என்று முன்னோக்கிச் சொல்லும் சூத்திரத்தைப் பின்னோக்கித் திருப்பினோம். பெருக்கின் வீச்சு மிகக்கூடிய நாள் தாளிலேயே தெரிகிறது. பௌர்ணமியோ அமாவாசையோ அதற்கு ஒன்றிரண்டு நாள் முந்தி வந்திருக்கவேண்டும். இரண்டில் எது என்று தாள் சொல்லவில்லை. பழைய போயாப் பட்டியல்களை எடுத்து, அந்த மாதத்தில் அந்தத் திகதிக்குச் சரிவரும் ஆண்டுகளைக் குறித்தோம். குமிழ்முனைப் பேனை பரவியதற்குப் பின், அடிக்கணக்கை நாடு கைவிடுவதற்கு முன் என்று இரு பக்கமும் வெட்டினோம். நாலைந்து ஆண்டுகளில் வந்து நின்றது. அதற்கு மேல் எங்களிடம் உள்ளதை வைத்துப் போகமுடியவில்லை. அதே பதிவேட்டின் இன்னொரு தாள், 15 ஆம் திகதியிலிருந்து தொடங்குவது, அல்லது அதே மாதத்தின் பிற்பகல் பக்கம், யாரிடமாவது இருந்தால் அன்றே முடிந்துவிடும்.

தாளில் எண்ணெய் பட்டிருக்கிறது, எண்கள் எல்லாம் வாசிக்கலாம். இரண்டு பிரதி தட்டி வைத்திருக்கிறோம். மூலத்தை யார் பொறுப்பேற்றாலும் நானே கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமை காலை மட்டும் வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.